கமலா டீச்சர் எழுதிக் கொடுத்தது

ஆடி மாதம் பிறந்தால் போதும், கமலா டீச்சருக்கு முழங்கால் வலிக்கத் தொடங்கிவிடும். பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை முடிந்து, நர்சிங் குரூப் எடுத்த பெண்களுக்கு வெள்ளைக் கோட்டும் தைத்து வந்துவிட்டால், அடுத்து அவர்களைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரி ஒன்றைத் தேட வேண்டும். கள்ளக்குறிச்சியில் தனியார் ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சமில்லை. பேருந்து நிலையத்தைச் சுற்றி மட்டும் ஏழெட்டு இருந்தன. ஆனால் பதினேழு வயதுப் பெண்கள் இருபது பேரை வாரத்துக்கு இரண்டு நாள் உள்ளே விட்டு, நாடி பார்க்கவும் கட்டுப் போடவும் சொல்லித் தர எந்த டாக்டருக்கு நேரம் இருக்கிறது? கமலா குடையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுவாள். வரவேற்பில் இருக்கும் பெண் பெரும்பாலும் அவளிடமே படித்தவளாக இருப்பாள். சட்டென்று எழுந்து, "டாக்டர் ரவுண்ட்ஸ் போயிருக்காருங்க டீச்சர், குந்துங்க" என்பாள். அந்தக் காத்திருப்பு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

கமலாவுக்கு ஊர் திருக்கோவிலூர். முறையாக நர்ஸ் படிப்புப் படித்து, அரசு ஆஸ்பத்திரி வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தவள். எண்பத்தைந்தாம் வருஷம், பள்ளிக்கூடத்தில் மேல்நிலை வகுப்புக்குத் தொழிற்கல்வி சொல்லித்தர ஆள் வேண்டும் என்று ஆணை வந்தது. ஆஸ்பத்திரி வேலை கிடைக்கும்வரை போகலாம் என்று நினைத்துப் போனாள். பகுதி நேரம் என்றுதான் எடுத்தார்கள். ஆனால் காலை மணி அடிப்பதற்கு முன்பே போய், கடைசி மணிக்குத்தான் திரும்பினாள். அப்படியே வருஷங்கள் ஓடி, ஒருவழியாக வேலை நிரந்தரமானபோது அவளுக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. கணவர் நாராயணசாமி தாலுகா ஆபீசில் எழுத்தர். இருவருக்கும் கள்ளக்குறிச்சியே ஊராகிப் போனது.

மற்ற ஆசிரியர்களுக்கு நர்சிங் குரூப் என்றால், மார்க் குறைந்தவர்களைத் தள்ளிவிடும் இடம். கணக்கும் அறிவியலும் கிடைக்காதவர்கள், ஆஸ்டலில் தங்கிப் படிக்கும் கல்வராயன் மலைப் பெண்கள், கரும்பு வெட்டுக்கும் நாற்று நடவுக்கும் போகிற வீட்டுப் பெண்கள் என்று எல்லாரும் கமலாவிடம்தான் வந்து சேருவார்கள். பெற்றவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். பன்னிரண்டு முடிச்சா உடனே வேலை கிடைக்குமா? கிடைக்கும் என்று கமலா சொல்வாள். அது பொய்யில்லை. ரிசல்ட் வந்த மாதமே ஏதாவது ஒரு ஆஸ்பத்திரி கூப்பிட்டுக்கொள்ளும். கூப்பிடுவதற்குக் காரணமும் அவளுக்குத் தெரியும். முறையாகப் படித்த நர்ஸ் ஒருத்திக்குக் கொடுக்கும் சம்பளத்தில் இந்தப் பெண்கள் மூன்று பேரை வைத்துக்கொள்ளலாம். இவர்களுடைய சான்றிதழைக் காட்டி நர்ஸ் என்று பதிவு செய்துகொள்ள முடியாது. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நர்ஸ் வேலை அத்தனையும் செய்வார்கள், பெயர் மட்டும் உதவியாளர். இது டாக்டருக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துக்குத் தெரியும், கமலாவுக்கும் தெரியும். வெளியே யாரும் பேசுவதில்லை.

தொண்ணூற்றெட்டில் பாப்பாத்தி என்று ஒரு மாணவி இருந்தாள். தியாகதுருகம் பக்கத்துக்காரி, வாய்த்துடுக்கு. பயிற்சிக்குப் போன இடத்தில், ஒரே ஊசியை இரண்டு பேருக்குப் போடுகிறார்களே, புத்தகத்தில் அப்படி இல்லையே என்று வார்டில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். அன்று சாயங்காலமே பதினெட்டுப் பெண்களையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். கமலா மூன்று வாரம் அலைந்தாள். எந்த ஆஸ்பத்திரியும் சேர்க்கவில்லை. "ஒங்க பொண்ணுங்க வேலை கத்துக்க வர்றாங்களா, எங்களக் கேள்வி கேக்க வர்றாங்களா?" என்று ஒரு டாக்டர் கேட்டார். செய்முறைத் தேர்வுக்குப் பயிற்சிச் சான்று இல்லாமல் பதினெட்டுப் பேரும் நின்றார்கள். கடைசியில் கமலா அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டாள். பாப்பாத்தியையும் கேட்க வைத்தாள். அந்தப் பெண் அழவில்லை, நிமிர்ந்து பார்க்கவுமில்லை. பன்னிரண்டாவது முடித்ததும் கல்யாணமாகித் திருநாவலூருக்குப் போய்விட்டாள் என்று கேள்வி.

அதற்குப் பிறகு கமலா ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் நாடித்துடிப்பைப் பற்றியோ காய்ச்சலைப் பற்றியோ பேசுவதில்லை. வேலைக்குப் போகிற இடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் முதல் பாடம். தலையைப் படிய வாரு. நகத்தை வெட்டு. சொன்ன நேரத்துக்கு முன்னால் போய் நில். டாக்டர் சொன்னதைச் செய், எதிர்க்கேள்வி கேட்காதே. இந்தக் கடைசி வாக்கியத்தை நோட்டில் எழுதச் சொல்லிக் கீழே இரண்டு கோடு போடச் சொல்வாள். அதிலிருந்து ஆஸ்பத்திரிகள் கமலாவின் பெண்கள் என்றால் நம்பி எடுத்தார்கள். "ஒங்க பசங்க தங்கம் டீச்சர், வாயே தொறக்கறதில்ல" என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டைக் கேட்கிறபோது முதலில் கொஞ்சம் கூசியது. பத்து வருஷத்தில் அதுவும் பழகிவிட்டது.

செவ்வந்தி அந்தப் பத்து வருஷத்துக்குள் வந்தவள். வெள்ளிமலையிலிருந்து இன்னும் உள்ளே நடந்து போக வேண்டிய ஊர். அப்பா சின்னக்கண்ணுவுக்கு மானாவாரியில் கொஞ்சம் மரவள்ளி, மிச்ச நாளெல்லாம் கூலி. வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் அவள்தான். கை அவ்வளவு நிதானம். வகுப்பில் சாத்துக்குடிப் பழத்தில் ஊசி குத்திப் பழகும்போது மற்றப் பெண்கள் சிரிப்பார்கள், பழம் உருண்டு ஓடும். செவ்வந்தி பழத்தை உள்ளங்கையில் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு ஒரே குத்தில் முடிப்பாள். பயிற்சிக்குப் போன ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரே அதைக் கவனித்தார். பன்னிரண்டாவது முடித்ததும் அந்தப் பெண்ணை எனக்கு அனுப்பிவிடுங்கள் என்று கமலாவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார். கமலா சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். இரண்டாயிரத்து ஏழு ஜூனில் செவ்வந்தி அங்கே வேலைக்குச் சேர்ந்தாள்.

இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் போனது. நல்ல நாள் பெரிய நாளில் மலைக்குப் போய் வரும்போது டீச்சருக்குப் பலாச்சுளை, தேன் என்று ஏதாவது கொண்டுவந்து கொடுப்பாள்.

இரண்டாயிரத்து ஒன்பது அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, கமலா ஆய்வகத்தில் கட்டுத்துணிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஆய்வகம் என்றால் ஓர் இரும்புக் கட்டில், ஒரு பொம்மை நோயாளி, ஓர் அலமாரி. மதியச் சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் செவ்வந்தி நிற்கிறாள். மேலே வெள்ளைக் கோட்டு இல்லை. செருப்பும் இல்லை.

"இன்னாடி இந்த நேரத்துல? டூட்டி இல்லியா?"

செவ்வந்தி உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.  நடந்ததைத் துண்டு துண்டாகச் சொன்னாள்.

மணலூர்பேட்டையிலிருந்து ஆதிமூலம் என்கிற பெரியவரைச் சேர்த்திருந்தார்கள். வெட்டிய கரும்புக் கட்டை காலில் குத்திச் சீழ் பிடித்திருந்தது. முந்தின நாள் மூன்று மணிக்குப் பெரிய டாக்டர் வெளியிலிருந்து போன் பண்ணி, ஒரு மருந்தின் பெயரைச் சொல்லி, நரம்பில் போடு என்றார். அந்த மருந்தை முதலில் தோலுக்கு அடியில் ஒரு சொட்டு குத்தி, அரை மணி நேரம் பார்த்து, தடிப்பு வரவில்லை என்றால்தான் முழு ஊசி போட வேண்டும். டெஸ்ட் டோஸ் என்பார்கள். டாக்டர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போட்டுவிட்டுச் சொல்லு என்று வைத்துவிட்டார். செவ்வந்தி போட்டாள். இரண்டு நிமிஷத்தில் பெரியவருக்கு உடம்பெல்லாம் அரிப்பு எடுத்து, முகம் வீங்கி, மூச்சு நின்றுவிடும் போல ஆனது. டாக்டர் ஓடிவந்து பார்த்தார். ஆம்புலன்சில் ஏற்றிப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். உயிர் இருக்கிறது, நினைவு இல்லை. பெரியவரின் மகன் அரங்கநாதன் ஆட்களோடு வந்து கூச்சல் போட்டதும், டாக்டர் எல்லார் எதிரிலும் செவ்வந்தியைக் காட்டி, யாரையும் கேட்காமல் இவளே எடுத்துப் போட்டுவிட்டாள் என்று சொல்லிவிட்டார். போலீசில் புகார் கொடுத்தாயிற்று. கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

கமலாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "டெஸ்ட் டோஸ் போடணும்னு ஒனக்குத் தெரியாதா? நான் சொல்லித் தரலியா?"

"தெரியும் டீச்சர். போன்லயே கேக்கணும்னு நெனச்சேன்." செவ்வந்தி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க, டாக்டர எதிர்க்கேள்வி கேக்கக் கூடாதுன்னு. அதான் கேக்கல."

அந்தப் பெண் குற்றம் சாட்டவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். கமலா கையிலிருந்த கட்டுத்துணியைச் சுருட்டி முடித்து டப்பாவில் வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். எடுத்ததைச் சுருட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று செவ்வந்தியை ஆஸ்டல் வார்டனிடம் சொல்லி அங்கே தங்க வைத்தாள். மறுநாள் சின்னக்கண்ணு மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்தார். நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்து, வேப்பமரத்தடியில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். கமலாவைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"எம் பொண்ணு ஆளக் கொன்னுட்டாளாங்க?"

"இல்லீங்க. அவரு உசுரோடத்தான் இருக்காரு. பொழச்சிக்குவாரு, பயப்படாதீங்க" என்றாள் கமலா. அவளுக்கே அது நிச்சயமில்லை.

போலீஸ் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் அனுப்பியது. இந்தப் பெண் என்ன படித்தாள், ஊசி போடப் பயிற்சி உண்டா, இல்லையா என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தலைமையாசிரியை கமலாவைக் கூப்பிட்டார். ஆறு மாதத்துக்கு முன்புதான் பதவி உயர்வில் வந்தவர், கெட்டவர் இல்லை. மின்விசிறியை வேகமாக வைக்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தினார். நாங்கள் வகுப்பில் பாடம் மட்டும்தான் எடுக்கிறோம், உயிருள்ள ஆளுக்கு ஊசி போடச் சொல்லித் தருவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்பது அவருடைய யோசனை. விதியும் அப்படித்தான். பயிற்சிக்குப் போகும் பெண்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம், ஊசியைத் தொடக் கூடாது.

கமலா, ரெக்கார்டு நோட்டு இருக்கிறதே என்றாள்.

ஒவ்வொரு பெண்ணும் பயிற்சியில் என்னென்ன செய்தாள் என்று தேதி போட்டு எழுதும் நோட்டு அது. செவ்வந்தியின் நோட்டில், நரம்பு ஊசி போட்டது பத்து முறை என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதே பெரிய டாக்டரின் கையெழுத்தும் ஆஸ்பத்திரி முத்திரையும் இருந்தன. கடைசிப் பக்கத்தில் கமலாவின் கையெழுத்து. பார்க்க மட்டுமே வேண்டிய பெண்களை அங்கே ஊசி போட விட்டார்கள் என்பது கமலாவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வேலைக்குக் கை கிடைத்தது, பெண்களுக்குப் பழக்கம் கிடைத்தது, தனக்குப் பயிற்சி இடம் கிடைத்தது என்று கண்டும் காணாமல் கையெழுத்துப் போட்டுவந்தாள். அந்த நோட்டை ஸ்டேஷனில் கொடுத்தால், இந்தப் பெண்ணுக்கு ஊசி போடத் தெரியும் என்று எனக்குத் தெரியாது என டாக்டர் சொல்ல முடியாது. யாரையும் கேட்காமல் போட்டாள் என்பதும் ஆட்டம் கண்டுவிடும். ஆனால் கமலாவும் சேர்ந்து மாட்டிக்கொள்வாள்.

தலைமையாசிரியை நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பழைய ரெக்கார்டு நோட்டெல்லாம் வருஷா வருஷம் எடைக்குப் போட்டுடறதுதான கமலா டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டார். "அதுவும் போயிருக்கும்ல?"

 நோட்டு ஆய்வக அலமாரியில் மேல் தட்டில் இருந்தது. நல்ல கையெழுத்து என்பதால் அடுத்த வருஷப் பெண்களுக்கு மாதிரி காட்ட எடுத்து வைத்திருந்தாள்.

வீட்டில் நாராயணசாமியிடம் சொன்னாள். அவர் முப்பது வருஷம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவர். முழுவதும் கேட்டுவிட்டு, உனக்கு இன்னும் நாலு வருஷம்தான் சர்வீஸ் இருக்கிறது என்றார். இதுவரை ஒரு மெமோகூட வாங்காதவள், போகிற நேரத்தில் எதற்கு? டாக்டருக்கு ஆள் பலம் இருக்கிறது, பேசி முடித்துக்கொள்வார்கள், அந்தப் பெண்ணை அப்படியே விட்டுவிட மாட்டார்கள் என்றும் சொன்னார். கமலா சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"விட்டுட்டா இன்னா பண்றதுங்க?"

அவர் டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கமலா எதுவும் முடிவு செய்யவில்லை. துணி துவைத்தாள். அரிசி புடைத்தாள். தன்னிடம் படித்துப் போன பெண்களைப் பற்றி நினைத்துப் பார்த்தாள். நானூறு பேருக்கு மேல் இருக்கும். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், ஆத்தூர் வரை ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் இந்த நேரத்தில் ஒருத்தி மருந்துத் தட்டோடு நின்றுகொண்டிருப்பாள். யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைச் சொல்லியிருப்பார். அவளுக்குச் சந்தேகம் இருக்கும். கேட்க மாட்டாள். வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்கச் சொல்லி அத்தனை பேரையும் தானே தயார் செய்து அனுப்பியிருக்கிறோம் என்ற எண்ணம் வந்ததும் அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பு முழுக்க ஓர் அசதி வந்தது. இருபத்து நான்கு வருஷத்து நடை ஒரே நாளில் காலுக்கு இறங்கியது போல இருந்தது.

திங்கட்கிழமை காலை அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்தாள். வெள்ளைத்தாள் இரண்டு எடுத்து, மாணவியர் வருவதற்கு முன்பு எழுதி முடித்தாள். செவ்வந்திக்கு ஊசி போடச் சொல்லித் தந்தவள் நான். அவள் அதை எங்கே, யார் முன்னால் பழகினாள் என்பதற்கு இந்த நோட்டு சாட்சி. விதிப்படி அது கூடாது என்று தெரிந்தும் நான் கையெழுத்திட்டேன். அவளை வேலைக்கு எடுக்கும்போது, பன்னிரண்டாம் வகுப்புத் தொழிற்பிரிவு மட்டும் படித்தவள் என்று என் கடிதத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறேன், நகல் இணைத்துள்ளேன். கடைசியில் ஒரு பத்தியை எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள். டாக்டர் சொன்னால் எதிர்க்கேள்வி கேட்காமல் செய்ய வேண்டும் என்று என் மாணவியர் எல்லாருக்கும் நான் கற்பித்திருக்கிறேன். செவ்வந்தி அன்று செய்தது அதைத்தான்.

தலைமையாசிரியையிடம் காட்டியபோது அவர் இரண்டு முறை படித்தார். பள்ளியின் வழியாக இதை அனுப்ப முடியாது என்றார். அப்படியானால் நானே கொண்டுபோய்க் கொடுத்துக்கொள்கிறேன் என்றாள் கமலா. அரை நாள் விடுப்பு எழுதிவைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையாகவே நாற்காலி போட்டார். படித்து முடித்து, "டீச்சரம்மா, இத நீங்க ஒங்களுக்கு எதிராவே எழுதிக் குடுக்கறீங்க, தெரியுதுல்ல?" என்று கேட்டார். தெரியும் என்றாள். பெரியவரின் மகன் அரங்கநாதனும் அங்கே இருந்தான். நாலு நாளாகப் புதுச்சேரிக்கும் இங்கேயுமாக அலைந்ததில் கண் உள்ளே போயிருந்தது. கமலாவைப் பார்த்ததும் அவனுக்குக் கோபம் வந்தது. ஆளைக் கொல்வதற்கா படிப்பு சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டான். பிறகு சப்-இன்ஸ்பெக்டர் நோட்டைப் பிரித்து அவனிடம் காட்டினார். அவன் ஒவ்வொரு கையெழுத்தாக விரல் வைத்துப் பார்த்தான்.

"அப்ப அந்தப் பொண்ணப் பழக்கிவிட்டதே இந்த டாக்டருதானா?" என்றான். "எங்கிட்ட, அவ கூட்டிப் பெருக்கறதுக்கு வந்தவ, தெரியாம ஊசிய எடுத்துட்டான்னு சொன்னாரு."

வெளியே வந்தபோது சின்னக்கண்ணு சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மகளை எப்போது கூப்பிடுவார்களோ என்று மூன்று நாளும் அங்கேதான் இருந்திருக்கிறார். கமலா அவரைக் கூட்டிக்கொண்டு போய் டீக்கடையில் நாலு இட்லி வாங்கிக் கொடுத்தாள்.

பெரியவர் ஆதிமூலத்துக்கு ஏழாம் நாள் நினைவு திரும்பியது. மூன்று வாரத்தில் கோலூன்றி வீட்டுக்கு வந்தார். உயிர் பிழைத்ததும் எல்லாருடைய வேகமும் தணிந்துவிட்டது. நோட்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரித் தரப்பு, அந்தப் பெண் தானாகப் போட்டாள் என்ற பேச்சையே விட்டுவிட்டது. புதுச்சேரிச் செலவை டாக்டர் ஏற்றுக்கொண்டார் என்றும், அரங்கநாதன் அதற்கு மேல் போக விரும்பவில்லை என்றும் சொல்லிக்கொண்டார்கள். செவ்வந்தியின் மேல் வழக்கு இல்லை என்று எழுதி முடித்தார்கள். அந்த ஆஸ்பத்திரியில் வேறு நாலு பெண்கள் வெள்ளைக் கோட்டு போட்டு வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் கமலாவிடம் படித்தவர்கள்.

கமலாவுக்குத் தை மாதம் மெமோ வந்தது. மேலிடத்து அனுமதி இல்லாமல் வாக்குமூலம் கொடுத்தது, விதிக்கு மாறாகப் பயிற்சிக்கு அனுமதித்தது என்று இரண்டு குற்றச்சாட்டுகள். இரண்டுமே உண்மை என்பதால் பதில் எழுதுவதில் சிரமம் இருக்கவில்லை. விழுப்புரத்தில் மாவட்ட அலுவலகத்துக்கு மூன்று முறை விசாரணைக்குப் போய்வந்தாள். ஒவ்வொரு முறையும் பெஞ்சில் காத்திருந்து, பெயர் கூப்பிட்டதும் போய், ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஒரு வருஷத்து ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். நாராயணசாமி, அவள் விழுப்புரம் போகிற நாளிலெல்லாம் பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்து, தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து ஏற்றிவிட்டார்.

தனியார் ஆஸ்பத்திரி எதுவும் அதன்பிறகு அவள் மாணவியரைச் சேர்க்கவில்லை. முகத்துக்கு நேரே யாரும் மறுக்கவில்லை. இடமில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள்.

சித்திரையில், கிராம சுகாதாரச் செவிலியர் பயிற்சிக்கு விண்ணப்பம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் கமலா ஒன்றை வாங்கி, தெரிந்தவரை பென்சிலில் நிரப்பி எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள். அது அரசாங்கப் படிப்பு. முடித்தால் பதிவு உண்டு, நாளைக்கு யாரும் நீ நர்ஸ் இல்லை என்று சொல்ல முடியாது. கச்சிராயபாளையம் தாண்டி வளைந்து வளைந்து ஏறிய பஸ்ஸில் அவளுக்குக் குமட்டியது. வெள்ளிமலையில் இறங்கி, வழி கேட்டு, ஒன்றரை மணி நேரம் நடந்தாள். ஓடை ஒன்றைக் கடந்து போனபோது செவ்வந்தி மரவள்ளிக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கருத்திருந்தாள். கை காய்த்திருந்தது. நடுவில் இரண்டு மாதம் அப்பாவோடு காப்பித் தோட்டத்து வேலைக்குப் போய்வந்ததாகச் சொன்னாள்.

அவளுடைய அம்மா தைலம்மாள் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் கமலா விண்ணப்பத்தை எடுத்து விரித்து வைத்தாள். செவ்வந்தி ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையாகப் படித்தாள். தன் பெயரும் மார்க்கும் பென்சிலில் எழுதியிருந்த இடத்தைப் பார்த்தாள். மடித்து, திரும்ப டீச்சர் பக்கம் நகர்த்தினாள்.

"வேணாம் டீச்சர்" என்றாள்.

"ஏன்டி? ஒனக்கு எடம் கெடைக்கும். கை அவ்ளோ நல்லாருக்குது ஒனக்கு."

"அந்தப் பெரியவரு மூஞ்சி வீங்கினது கண்ணுலயே நிக்குது. போன மாசம் தம்பிக்குக் காய்ச்சல்னு வெள்ளிமலைக்குக் கூட்டிக்கினு போனேன். அங்க ஊசி போட்டாங்க. நான் வெளிய வந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "மெட்ராஸ் பக்கத்துல கம்பெனிக்கு ஆள் எடுக்கறாங்களாம் டீச்சர். வேன் வருதாம். பக்கத்து வீட்டு ஆயம்மாள் போறா, நானும் போறேன்" என்றாள்.

என்ன கம்பெனி என்று கேட்டாள் கமலா. செல்போன் தயாரிக்கிற கம்பெனி, தங்குமிடம் அவர்களே தருகிறார்கள் என்று தெரிந்தது. வற்புறுத்திச் சொல்ல அவளுக்கு நாலு வாக்கியம் இருந்தது. பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்தவை. எதையும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொன்னாள்.

"போற எடத்துல, சந்தேகம் இருந்தா கேளு. நான் முன்ன சொல்லிக் குடுத்தத மறந்துடு. திட்டுனா திட்டிட்டுப் போறாங்க."

"கேட்டா வேலைய விட்டு எடுத்துட்டாங்கன்னா?"

கமலா விண்ணப்பத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள். "எடுப்பாங்கதான்" என்றாள். "அப்பவும் கேளு."

செவ்வந்தி சரி என்று தலையை ஆட்டினாள். நம்பித்தான் ஆட்டினாளா, டீச்சர் சொன்னதற்காக ஆட்டினாளா என்று கமலாவுக்குப் புரியவில்லை. சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சின்னக்கண்ணு ஓடைவரை கூட வந்து, அதற்கு மேலும் கூட வந்து, வெள்ளிமலையில் பஸ் ஏறும்வரை நின்றார்.

ஜூனில் பள்ளி திறந்தது. நர்சிங் குரூப்பில் அந்த வருஷம் பதினாறு பேர்தான் சேர்ந்தார்கள். கமலா முதல் வகுப்பை நாடித்துடிப்பில் தொடங்கினாள். பயிற்சிக்கு அரசு மருத்துவமனைக்கு மனு எழுதி, மூன்று மேசைகள் தாண்டி, ஆவணியில் அனுமதி வாங்கினாள். முதல் நாள் பதினாறு பேரையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனபோது, வார்டில் கூட்டம் ஜாஸ்தி, ஒரு நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் நிற்க இடமில்லை என்று தலைமைச் செவிலியர் சொன்னார். நியாயமாகத்தான் இருந்தது. தாழ்வாரத்தில்கூடப் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள்.

எட்டுப் பேரை உள்ளே அனுப்பிவிட்டு, மீதி எட்டுப் பேரோடு கமலா வெளியே புங்கமரத்து நிழலில் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்தாள். முழங்கால் விண் விண்ணென்று தெறித்தது. பையிலிருந்து கட்டுத்துணி உருண்டைகளை எடுத்து இரண்டு பேருக்கு ஒன்று என்று கொடுத்தாள். ஒருத்தி கையை நீட்ட மற்றவள் சுற்ற வேண்டும். பெண்கள் சிரித்துக்கொண்டே சுற்றினார்கள். ஒருத்தி இறுக்கிக் கட்டிவிட்டாள். கட்டப்பட்டவள் முகத்தைச் சுளித்தாளே தவிர வாய் திறக்கவில்லை.

"வலிக்குதா?" என்று கேட்டாள் கமலா.

"பரவாயில்லீங்க டீச்சர்."

"வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லணும்" என்றாள் கமலா. கட்டை அவிழ்த்து, தளர்த்தி, மறுபடி முதலிலிருந்து சுற்றச் சொன்னாள்.